நான் பதனிட்ட நரித்தோல்

1

மது ஸ்காட்லாந்துக்குப் படிக்கப் போய் இந்த மாதத்தோடு ஒரு வருஷம். மூன்று வாரம் வந்து இருந்துவிட்டுப் போகட்டும் என்று என் கணவர் சிவா விசிட் விசாவுக்கு விண்ணப்பம் போட்டார். அவள் தோஹாவில் பிறந்தவள். பதினெட்டு வயசு வரைக்கும் நஜ்மா பகுதியில் இருக்கும் இந்த வீட்டைத் தவிர வேறு வீடு அறியாதவள். ஆனால் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தால் குடியிருப்பு அனுமதி தானாகச் செத்துவிடும். அதனால் பெற்ற மகளை வீட்டுக்குக் கூப்பிட விருந்தாளி விசா எடுக்கவேண்டியிருந்தது.

சிவா போனை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். உறவு: மகள். வருகையின் நோக்கம்: குடும்பத்தைப் பார்க்க. அதற்கு அடுத்த கட்டத்தில் நின்றுவிட்டார்.

"இதுக்கு முன்னாடி இந்த நாட்டுக்கு வந்திருக்காங்களான்னு கேக்குறான் கோமதி. ஆமா, இல்லை, ரெண்டுதான் இருக்கு. இங்கதான் பொறந்தான்னு எழுத எடமில்லை."

விசா நான்கே நாளில் வந்தது. மது வரவில்லை.

ஊரிலிருந்து அக்காவும் நாத்தனாரும் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். அது பொய். நடந்ததை ஒரு முறையாவது முழுசாக எழுதிப் பார்க்கவேண்டும் போலிருக்கிறது.

2

நான் படித்தது தோல் தொழில்நுட்பம். சென்னையில் நான்கு வருஷம் படித்துவிட்டு ராணிப்பேட்டை டேனரி ஒன்றில் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். எங்கள் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். பச்சைத் தோல் லாரி உள்ளே வரும்போதே வாசனையை வைத்து உப்பு போதுமா போதாதா என்று சொல்லிவிடுவேன். "மேடம் மூக்கு இருந்தா லேப் எதுக்கு" என்று சூப்பர்வைசர் சிரிப்பார். அந்த நாற்றத்தைச் சொல்லித்தான் இரண்டு வரன் தட்டிப்போனது. சிவா தட்டவில்லை. அவர் கட்டுமானக் கம்பெனியில் குவான்டிட்டி சர்வேயர். அவரோடு இங்கே வந்தேன்.

என் பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவில் 'இல்லத்தரசி, வேலை செய்ய அனுமதி இல்லை' என்று இருந்தது. மதுவுக்கு ஆறு வயசானபோது வேலைக்கு முயற்சி செய்தேன். பட்டத்துக்குச் சென்னையில் ஒரு முத்திரை, டெல்லியில் ஒன்று, தூதரகத்தில் ஒன்று, இங்கே ஒன்று. மூன்று முத்திரை வாங்கிவிட்டேன். நான்காவதில், பட்டத்தில் அப்பா பெயர் வெறும் இனிஷியலாக இருக்கிறது, பாஸ்போர்ட்டில் முழுசாக இருக்கிறது, இரண்டும் ஒரே ஆள்தானா என்று திருப்பி அனுப்பினார்கள். அதைச் சரிசெய்துகொண்டு திரும்பப் போனேன். கவுண்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரில் தேடிவிட்டு, "இந்தத் தொழில் லிஸ்டில் மாஃபி" என்றார். மாஃபி என்றால் இல்லை. நான் இங்கே கற்றுக்கொண்ட முதல் அரபி வார்த்தையே அதுதான். சான்றிதழை உறையில் போட்டு எடுத்துவந்துவிட்டேன். அதோடு சரி.

மது படித்த பள்ளியில் பைப் பேண்ட் உண்டு. பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஊதும் பேக்பைப்தான். வளைகுடாவில் அது அபூர்வமில்லை. தேசிய தின அணிவகுப்பில் இங்கத்துப் பட்டாளமே வாசித்துக்கொண்டு போகும். மது பன்னிரண்டு வயசில் சேர்ந்தாள். பதினேழில் அவள்தான் முன்னால் நடந்து பேண்டை நடத்துகிறவள். கட்டம் போட்ட கில்ட் பாவாடையைக் கட்டிக்கொண்டு அவள் வாசிக்கும்போது நான் அவளைக் கொஞ்சம் தூரத்திலிருந்துதான் பார்க்கமுடியும். அவள் பேசுகிற இங்கிலீஷும் அப்படித்தான். நான் தமிழில் கேட்பேன். அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். நடுவில் பாதி விழுந்துவிடும்.

பேண்ட் ஆசிரியர் ரென்னி சார், ஸ்காட்லாந்துக்காரர். கில்ட்டுக்குப் பாக்கெட் கிடையாது. அதனால் இடுப்பில் சங்கிலி கட்டி முன்பக்கம் ஒரு பை தொங்கவிடுவார்கள். அதற்கு ஸ்போரன் என்று பெயர். பிள்ளைகளுக்குப் பள்ளி கொடுத்தது ரெக்சின். ரென்னி சாருடையது அவருடைய தாத்தா கட்டியது, நிஜமான மிருகத்தோல், முடியோடு. ஒரு பெற்றோர் கூட்டத்தில் அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். திருப்பி, உள்பக்கத்தை நகத்தால் சுரண்டினேன்.

"இது குரோம் இல்லை, படிகாரத்தில் பதனிட்டது. எண்ணெய் வற்றிவிட்டது. இன்னும் இரண்டு வருஷத்தில் இந்த மடிப்பில் கிழியும்" என்று என் இங்கிலீஷில் சொன்னேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பதினேழு வருஷத்தில் யாரும் என்னை அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. அரைமணி நேரம் பேசினேன். பக்கத்தில் மது வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். வரும் வழியில், "அம்மா, யூ வேர் லைக் அ டிஃபரென்ட் பர்சன்" என்றாள். பிறகு, "எனக்கு ஒரு ரியல் ஸ்போரன் பண்ணித் தருவியா?" என்றாள்.

விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்கு அது விளையாட்டாக இல்லை.

3

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை மேற்குக் கடற்கரைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். சாயங்காலம் ஐந்து மணி. எங்களுக்கு முன்னால் போன வண்டியில் ஒரு நரி அடிபட்டது. அந்த வண்டி நிற்காமல் போய்விட்டது. மது கத்தின கத்தலில் சிவா ஓரங்கட்டினார்.

சின்ன உடம்பு. வெளிர் செம்பட்டை நிறம், வால் நுனி வெள்ளை. நாங்கள் கிட்டே போகும்போது மூச்சு இருந்தது. மது முழங்காலிட்டு உட்கார்ந்தாள். தொடாதே, வெறிநோய் இருக்கலாம் என்று பிடித்து இழுத்தேன். இரண்டு நிமிஷத்தில் அடங்கிவிட்டது.

"இப்படியே விட்டுட்டுப் போகக் கூடாதுப்பா. ஹி வாஸ் அலைவ். என்னைப் பார்த்தான்" என்று அழுதாள்.

தன் சாம்பல் நிற ஹூடியைக் கழற்றினாள். நான் பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு நரியை அந்த ஹூடியில் சுற்றிக்கொடுத்தேன். சிவா டிக்கியிலிருந்து ஒரு தட்டை எடுத்துவந்து மணலைத் தோண்டினார். சாலையோரக் கிலோமீட்டர் பலகைக்கு இருபதடி தள்ளிப் புதைத்து, மேலே கல் வைத்தாள் மது. அவள் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் என் கண் அந்தப் பலகையில் இருந்த எண்ணை மனப்பாடம் செய்துகொண்டிருந்தது.

இதைத்தான் நான் மறைக்க விரும்புகிறேன். அதனால் எழுதிவிடுகிறேன். தோலில் எங்கும் கிழிசல் இல்லை, அடி தலையில் மட்டும்தான் என்பதை நான் சுற்றும்போதே கவனித்திருந்தேன்.

4

மறுநாள் காலை மது பேண்ட் பயிற்சிக்குப் போய்விட்டாள். சிவா சைட்டுக்குப் போய்விட்டார். நான் கீழே பஷீர் பாயின் பக்காலாவுக்குப் போனேன். பக்காலா என்றால் இங்கே மளிகைக்கடை. கீழக்கரைக்காரர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"பாய், நேத்து போன எடத்துல என் வளையல் விழுந்துடுச்சு. உங்க வண்டியில கூட்டிட்டுப் போறீங்களா?"

"தங்க வளையலா? யல்லா, ஏறுங்க" என்று கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் பிக்கப்பை எடுத்தார்.

கல்லை நகர்த்திவிட்டு நான் கையுறை மாட்டுவதைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. ஹூடியின் ஓரம் மணலில் தெரிந்தது.

"தங்கச்சி, இது நம்ம மது போடுற சட்டைல்ல?"

"ஆமா பாய்."

"புள்ள பொதைச்சதையா தோண்டுறீக?"

நான் ஹூடியைப் பிரித்தேன். ராத்திரி குளிர் நன்றாக இருந்தது, மணலும் குளிர்ந்திருந்தது. ஆனாலும் வயிற்றுப் பக்கம்தான் முதலில் கெடும். அங்கே முடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. கெட்ட தோலானால் கையோடு வந்திருக்கும்; இது பிடித்து நின்றது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

பஷீர் பாய் வண்டியில் பிளாஸ்டிக் விரித்துக் கொடுத்தார். கடை வாசலில் இறங்கும்போது மட்டும், "புள்ளைக்குத் தெரியாமப் பாத்துக்கங்க" என்றார்.

5

எங்கள் வீட்டில் பின்பக்கம் வாஷிங் மெஷின் வைக்க ஒரு சின்ன அறை உண்டு. வெளியே திறக்கும் ஜன்னல் ஒன்று. காலை ஆறரைக்கு இருவரும் போனால் இரண்டரை வரைக்கும் வீட்டில் யாரும் இல்லை. ஆறு வாரம் அந்த அறைதான் என் டேனரி.

நரியை நான் அதற்குமுன் தொட்டதில்லை. ஆடு, மாடு, செம்மறிதான். ஆனால் கத்தியை எங்கே வைக்கவேண்டும் என்று கை என்னைக் கேட்கவே இல்லை. தோலை எடுத்து, உப்பைக் கொட்டித் தேய்த்து, மடித்துச் சாய்த்து வைத்தேன். மறுநாள் நீர் விட்டிருந்தது. அதை உதறிவிட்டு மறுபடி உப்பு. பிறகு ஊறவைத்து, பிளம்பர் விட்டுப்போன பிவிசி குழாய் மேல் போட்டு, கத்தி முதுகால் சதையை வழித்தேன். உப்பும் வினிகரும் கலந்த தண்ணீரில் மூன்று நாள். அப்புறம் படிகாரத்தில் ஒரு வாரம். படிகாரம், உப்பு, வினிகர் எல்லாம் பஷீர் பாய் கடைதான். பையில் போட்டு மேலே கொத்தமல்லிக்கட்டு வைத்து, எதுவும் கேட்காமல் கொடுத்தார்.

பக்கத்து வீட்டுக் கோட்டயத்துக்காரப் பெண், "சேச்சியை வெளியே காணவே இல்லையே, என்ன செய்கிறீர்கள்?" என்று இங்கிலீஷில் கேட்டாள். உளறிவிட்டேன். "டேனிங்" என்றேன். "ஜனவரி வெயில்தானே, நல்லது. ஆனால் கிரீம் போட்டுக்கொள்ளுங்கள்" என்றாள். நான் வெயிலில் மேனியைக் கறுக்கவைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். உள்ளே வந்து தனியாகச் சிரித்தேன். எத்தனையோ வருஷம் கழித்து அப்படிச் சிரித்தேன்.

இரண்டாவது வாரம் சிவா அந்த அறைக்கதவைத் திறந்துவிட்டார். வாளிக்குள் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"பைத்தியமா உனக்கு? காட்டு மிருகம். யாராவது ஒரு போன் போட்டாப் போதும். கம்பெனி கஃபீல் ஒரு கையெழுத்து போட்டு விசாவை ரத்து பண்ணுவான், கலாஸ், கதை முடிஞ்சுது, நாம மூணு பேரும் ஏர்போர்ட்ல நிப்போம். அவ படிப்பு என்னாகும்?"

"இன்னும் நாலு வாரம்ங்க. முடிச்சிடுறேன்."

"மதுவுக்குத் தெரிஞ்சா?"

"தெரியாது."

அவர் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டு மேஜையில் ஒரு சின்ன டப்பா இருந்தது. வாளித் தண்ணீரின் புளிப்பு அளக்கும் காகிதப் பட்டைகள். சைட் லேபிலிருந்து எடுத்துவந்திருக்கிறார். பயந்த மனுஷன். அவ்வளவு பயத்தோடு எனக்கு அதைச் செய்தார்.

முட்டை மஞ்சள்கருவும் ஆலிவ் எண்ணெயும் கலந்து உள்பக்கம் தடவினேன். பாதி காய்ந்ததும் நாற்காலி முதுகில் போட்டு இரண்டு பக்கமும் பிடித்து இழுத்து இழுத்துத் தேய்க்கவேண்டும். அப்போதுதான் விறைப்பு போய்த் துணி மாதிரி ஆகும். தோள்பட்டை கழன்றுபோகும். விறைத்த தோல் ஒரு நொடியில் இளகிப் பால் நிறமாக மாறும். அந்த நொடிக்காக நான் எட்டு மணி நேரம் நிற்பேன். கடைசியில் கடலைமாவு தூவித் தட்டினேன். முடி அப்படியே எழுந்து நின்றது. ராணிப்பேட்டையிலேயே அப்படி ஒரு தோலை நான் முடித்ததில்லை.

என் பழைய கைப்பையைப் பிரித்து உள்பை தைத்தேன். வாலின் வெள்ளை நுனியை மூன்றாகப் பிரித்து முன்னால் மூன்று குஞ்சம் தொங்கவிட்டேன்.

6

மார்ச்சில் பள்ளி ஆண்டுவிழா. முந்தின நாள் ஸ்போரனை மதுவின் மடியில் வைத்தேன். அவள் வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தாள்.

"நீயே பண்ணியா? தோல் எங்கேர்ந்து வந்தது?"

"ராணிப்பேட்டை சிநேகிதி அனுப்பினா. அங்க பழைய ஸ்டாக் இருக்கும்."

பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று எனக்குத் தெரியாது. அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். மறுநாள் மைதானத்தில் அவள் முன்னால் நடந்தாள். ஒவ்வோர் அடிக்கும் மூன்று குஞ்சமும் ஒன்றாக ஆடின. ரென்னி சார் அதை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, கூட்டத்தில் என்னைத் தேடி, தொப்பியைக் கழற்றினார். அந்த நாளை நான் வாழ்ந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆகஸ்டில் மதுவின் ஸ்காட்லாந்துப் பயணத்துக்குப் பெட்டி கட்டினோம். அங்கே குளிர் என்பதால் அலமாரி மேலிருந்து கம்பளித் துணிப் பெட்டியை மது இறக்கினாள். நான் சமையலறையில் பொடிக்கு வறுத்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தச் சாம்பல் ஹூடி. துவைத்து, இஸ்திரி போட்டு, கையை உள்ளே மடித்து, நான் எல்லாத் துணியையும் மடிக்கிற மாதிரியே மடித்திருந்தது.

அதைத் துவைத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஏன் குப்பையில் போடவில்லை என்று கேட்டால் இதுதான் சொல்வேன்: மகளின் துணி அழுக்காக இருந்தது. துவைத்து மடித்து வைத்தேன். அவ்வளவுதான்.

"அம்மா, இது எப்படி இங்க வந்தது?"

இன்னொரு பொய் வாய் வரைக்கும் வந்தது. சொல்லமுடியவில்லை.

"தோண்டினியா?"

தலையை ஆட்டினேன். அவள் கண் மெதுவாகப் பயணப் பெட்டிக்குப் போனது. துணிகளுக்கு மேல், காகிதத்தில் சுற்றி, முதலாவதாக எடுத்துவைத்திருந்தது ஸ்போரன்.

"நான் அதைப் போட்டுக்கிட்டு நடந்தேன்" என்றாள். அவள் ஏதோ பெரிதாகச் சொல்லப் பார்த்தாள். தமிழில் அதற்கு அவளிடம் வார்த்தை இல்லை. இங்கிலீஷில் சொன்னால் எனக்கு முழுசாகப் போய்ச் சேராது என்று நினைத்தாளோ என்னவோ, அதிலும் சொல்லவில்லை. "நான் அழுதேன்ல. நீ பார்த்தேல்ல" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு ஸ்போரனை எடுத்து, ஹூடியையும் எடுத்து, என் கட்டில் மேல் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏர்போர்ட்டில் அப்பாவைக் கட்டிக்கொண்டாள். என் தோளைத் தொட்டாள்.

மறுவாரம் சிவா, "இதை இனிமே வீட்ல வைக்க வேணாம்" என்று ஒரு கறுப்புப் பையைப் பிரித்தார். ஸ்போரனைக் கொடுப்பதற்குமுன் முடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். ஒன்றுகூட வரவில்லை. நல்ல வேலை. அவர் கீழே கொண்டுபோய் முனிசிபாலிட்டித் தொட்டியில் போட்டார். மத்தியானம் லாரி வந்து எடுத்துப்போனது.

7

விசா வந்த மறுநாள் மதுவை வீடியோவில் கூப்பிட்டேன். ஒரு வருஷமாக எங்கள் பேச்சு சாப்பிட்டாயா, குளிரா, ஓகே, பை என்பதுதான். அன்றைக்கு அவளாகவே கொஞ்ச நேரம் இருந்தாள். முடியை வெட்டியிருந்தாள்.

"அங்க பேண்ட்ல சேர்ந்துட்டியா?" என்று கேட்டேன்.

"நான் பைப்பை வித்துட்டேம்மா. வந்த மாசமே."

ஊரெல்லாம் பைப் வாசிக்கிற நாட்டுக்குப் போய் அவள் பைப்பை விற்றிருக்கிறாள்.

"அம்மா, டிக்கெட் போடறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். ப்ளீஸ், உண்மையைச் சொல்லு."

"கேளு."

"அன்னிக்கு அந்த மணலைத் தோண்டினப்போ, என்னைப் பத்தி நினைச்சியா?"

இந்த ஒரு வருஷத்தில் நான் சேர்த்துவைத்திருந்த பதில்கள் எத்தனையோ. உனக்காகத்தான் செய்தேன். நீ கேட்டதால்தான் செய்தேன். உன் ஞாபகம்தான் முழுக்க இருந்தது. அவள் முகம் திரையில் காத்துக்கொண்டிருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்திருப்பாள் என்று சிவா இன்றைக்கும் சொல்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

ஆனால் அந்த மணலில் நான் வயிற்று முடி நிற்குமா நிற்காதா என்பதை மட்டுமே நினைத்தேன். அவளை நினைக்கவில்லை. அடுத்த ஆறு வாரமும் நினைக்கவில்லை. இந்த நாட்டுக்கு வந்தபின் நான் சந்தோஷமாக இருந்தது அந்த ஆறு வாரம்தான்.

"இல்லை மது" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள்.

"ஓகே. தேங்க்ஸ் ஃபார் நாட் லையிங்." பிறகு, குழந்தையாக இருந்தபோது பேசின மாதிரி ஒவ்வொரு எழுத்தாகத் தமிழில் சொன்னாள்: "நான் இப்ப வரலம்மா."

இன்றோடு பதினோரு நாள். தினமும் காலையில் சாப்பிட்டாயா என்று ஒரு மெசேஜ் அனுப்புகிறேன். பத்து மணி வாக்கில் இரண்டு நீலக்குறி விழும், படித்துவிட்டாள் என்று. அதற்கப்புறம் எழுந்துபோய் அரிசி களைகிறேன், இரண்டு பேருக்கு.